எல்லாப் பலகையும் பச்சை

தம்பி,

சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ போன் செய்தபோது, "ரொம்ப சந்தோசம்யா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. மனசில் சந்தோஷமும் இல்லை. சேரப்போகும் கம்பெனியின் பெயரைச் சொன்ன கையோடு, அதை நடத்துகிறவரின் பெயரையும் நீ சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே அவர் பேசிய வீடியோ ஒன்றை அனுப்பி, "அம்மா, இதைப் பாரு, நம்ம ராஜபாளையம் மில் ஒண்ணப் பத்தித்தான் சொல்லுதாருன்னு நினைக்கேன்" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். நீ நினைத்தது சரிதான். நான் வேலை பார்த்த மில்தான் அது. அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. மில்லில் நாங்கள் ஜி.எம். என்றுதான் சொல்வோம், அப்படியே இருக்கட்டும். படித்துவிட்டு இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அவருக்கே காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

முதலில் நான் சொன்ன ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். உன் செல்வி சித்தி உடம்புக்கு முடியாமல் மில் வேலையை விட்டாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். நீ அப்போது சின்ன வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி வீட்டில் இருந்தாள்; அதற்குப் பிறகு எப்போதும் வீட்டில்தான் இருந்தாள். உனக்கு அது கொண்டாட்டம். அவளுடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். நான் மில்லிலிருந்து வருவதற்குள் உனக்குச் சோறு போட்டு, முகம் கழுவி, கதை சொல்லித் தூங்க வைத்திருப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ராஜபாளையம் பக்கமே அவள் போனதில்லை. துணி எடுக்க மதுரைக்குப் போவாள், டாக்டரைப் பார்க்க சிவகாசிக்குப் போவாள். "சித்திக்கு ராஜபாளையம்னா ஏன் ஆகாது?" என்று ஒருமுறை கேட்டாய். "பஸ் ஒத்துக்காது" என்றேன். மதுரைக்கு அவள் எதில் போகிறாள் என்று திருப்பிக் கேட்க உனக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இருந்ததில்லை, தம்பி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மில்லில் இருந்தோம். நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்துவிட்டு பிளானிங்கில் சேர்ந்தேன். எந்த ஆர்டருக்கு எந்த நூல், எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. அதே படிப்பை எனக்குப் பின்னால் படித்துவிட்டு வந்த செல்வி, ஸ்பின்னிங் பகுதிக்கு சூப்பர்வைசர் ஆனாள். பஞ்சை வாங்குவது ஒரு பகுதி. அதைப் பிரித்துத் தூசி போக்குவது ஒரு பகுதி. வாரி இழையாக்குவது இன்னொன்று. கடைசியில் ஸ்பின்னிங்கில்தான் அது முறுக்கேறி நூலாகும். முன்னால் இருக்கிற பகுதிகளில் எது தவறினாலும் அது அங்கே தெரியாது. ஸ்பின்னிங்கில் வந்து இழை அறுந்து விழும்போதுதான் தெரியும். அதற்கு மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஷிப்ட் தொடங்கும்போது எல்லாப் பகுதிக்காரர்களும் பஞ்சு குடோன் வாசலில் நின்று டீ குடிப்போம். "நேத்து எறக்குன பஞ்சு செத்த ஈரமா இருக்கு, பாத்து ஓட்டுங்க" என்பார் பஞ்சு வாங்குகிறவர். "அப்பம் எனக்கு இன்னிக்குப் பழைய பஞ்சுப் பேலையே போட்டு விடுங்க, இந்த ஆடிக் காத்துல வேற இழை நிக்க மாட்டேங்குது" என்பாள் செல்வி. நான் காதில் வாங்கிக்கொண்டு போய், நல்ல நூலை வெளிநாட்டு ஆர்டருக்கும், சுமாரான நூலைப் பக்கத்து ஊர்த் தறிகளுக்குமாக மாற்றி வைப்பேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போட்டதில்லை. அந்த டீ நேரத்துக்கு மில்லில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஜி.எம். வந்ததும் முதலில் அந்த டீயை நிறுத்தினார். "எல்லா ஹெட்டும் ஒரே நேரத்துல வெளிய நிக்கிறீங்க, உள்ள மெஷினை யார் பார்க்கிறது?" என்றார். குரலை உயர்த்த மாட்டார். நன்றாக உடுத்துவார், நன்றாகப் பேசுவார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பலகை மாட்டினார். குறித்த அளவை எட்டினால் பச்சை அட்டை, எட்டாவிட்டால் சிவப்பு அட்டை. மாதக் கடைசியில் பச்சைக்காரர்களுக்குப் பரிசு. "நீங்க உங்க பகுதியைப் பாருங்க. ஒவ்வொரு பகுதியும் ஜெயிச்சா மில் தானா ஜெயிச்சிடும்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பார். நானும் தலையாட்டினேன்.

பஞ்சு வாங்குகிறவருக்கு மலிவாக வாங்கினால் பச்சை. அவர் மட்டமான பஞ்சாகப் பார்த்து வாங்கினார். தூசி போக்குகிற பகுதிக்கு வேகமாகத் தள்ளினால் பச்சை. பாதித் தூசியோடு தள்ளினார்கள். வாருகிற பகுதியில் மிஷினை நிறுத்திச் சுத்தம் செய்தால் அன்றைக்குச் சிவப்பு. அதனால் அவர்கள் நிறுத்தவே இல்லை. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. எங்களோடு டீ குடித்த அதே ஆட்கள்தான். கேட்டதைச் செய்தார்கள், பரிசு வாங்கினார்கள். எல்லாம் சேர்ந்து செல்வியின் தலையில் வந்து இறங்கியது. அவள் பகுதியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. மிஷின்களுக்கு நடுவே பெண்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள். நூல் மோசமாக வந்தால் இவள் மிஷினை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அளவு குறையும், அளவு குறைந்தால் சிவப்பு. மாதா மாதம் அவள் பலகை மட்டும் சிவப்பாகத் தொங்கியது. "ஏட்டி, நீயும் கண்டுக்கிடாம தள்ளி விட்டுரேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். "வாரத அப்பிடியே தள்ளி விடுறதுக்கு நான் எதுக்குக்கா?" என்றாள். ஜி.எம்.மிடம் போய், கோளாறு பஞ்சில் இருக்கிறது என்றும் சொன்னாள். "உங்க பிரச்சினையை அடுத்தவங்க பகுதி மேல போடாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வெளிநாட்டு ஆர்டர் தேதி தவறியது. மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவர் ஸ்பின்னிங்குக்கு வந்தார். போகிற பெண்களையும் வருகிற பெண்களையும் நிறுத்தினார். செல்வியைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "இந்த ஆர்டர் கெட்டதுக்கு ஒரே ஒருத்தரோட கவனக்குறைவுதான் காரணம்" என்று சொல்லி, அவள் பெயரை முழுதாகச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். அத்தனை பேரும் அவள் வேலை பழக்கிய பெண்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவங்க எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க" என்றார். "ஆமா சார்" என்றாள். அடுத்த நாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அவள் அழவில்லை. வன்னியம்பட்டி விலக்கு தாண்டும்போது என் கையைப் பிடித்து, "நான் ஏன்க்கா ஆமான்னு சொன்னேன்?" என்று கேட்டாள். பல வருடங்கள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். துணி வெட்டும்போது கேட்பாள், உனக்குத் தலை சீவிவிடும்போது கேட்பாள். உன் காதிலும் எத்தனையோ தடவை விழுந்திருக்கும்.

நான் பழி வாங்கினேன். இதற்கு நல்ல சொல்லாக வேறு எதையும் தேட மாட்டேன். என் பலகையில் இரண்டு விஷயம்தான் இருந்தது: அளவு, தேதி. அந்த இரண்டை மட்டும் செய்தேன். எந்த நூல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதை விட்டேன். நல்லதை ஒரு பக்கமும் சுமாரை ஒரு பக்கமும் மாற்றி வைப்பதை விட்டேன். செல்வியின் இடத்துக்கு வந்தவர் மிஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர். அவர் எதையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் மில்லில் ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. ஜி.எம். பலகைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இருக்கிறதிலேயே மட்டமான நூல், இருக்கிறதிலேயே கறாரான வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் அது எட்டிப் பார்க்கும். பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார், ஜி.எம்.மும் நானும் பின்னால் போனோம். ஜன்னல் வழியாக கேட்டில் நின்ற லாரிகள் தெரிந்தன. வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட நூல்.

"ஏமய்யா, எல்லாம் பச்சையா இருக்கே?"

"ஆமா சார்" என்றார் ஜி.எம்.

"அப்பம் வாசல்ல நிக்குத லாரி யாரு பலகையில வருது?"

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "பிளானிங்தான் சார். அவங்கதான் சரக்கைப் பார்க்காம அனுப்பியிருக்காங்க."

"என் பலகையில அளவும் தேதியும்தான் சார் இருக்கு" என்றேன் நான். "ரெண்டும் பச்சை."

ஜி.எம். முகம் வெளிறியது. இன்றைக்கும் மனசு கசந்து கிடக்கும் நாட்களில் அந்த முகத்தை நினைவிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். இனிக்கும். சீக்கிரமே அவரை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். ஆனால் அந்த வாடிக்கையாளர் போனது போனதுதான். ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். செல்வி பழக்கிய பெண்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்படி ஒரு அம்மா உனக்கு வாய்த்திருக்கிறாள், என்ன செய்ய.

என் பழியில் ஓட்டை இருந்தது. ஆள்தான் போனார், அவர் மாட்டிய பலகைகள் சுவரிலேயே இருந்தன. புதிதாக வந்தவர் அவற்றைத் துடைத்து வைத்தார். பஞ்சு வாங்குகிறவர் மட்டப் பஞ்சையே வாங்கினார், அடுத்த சூப்பர்வைசர் திட்டு வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான், ஒருவரைக் கீழே தள்ளுவதும் அவர் செய்து வைத்ததைக் கலைப்பதும் வேறு வேறு வேலை என்று எனக்கு உறைத்தது. இரண்டாவது வேலைக்கு வருடக்கணக்கில் ஆனது. முதலாளியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். கடைசியில் பகுதிப் பலகைகளைக் கழற்றி, எல்லாருக்கும் பொதுவாக கேட் பக்கத்தில் ஒரே ஒரு பலகை மாட்டச் செய்தேன். வெளியே போன சரக்கில் எது திரும்பி வந்தது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். ஒரு லாரி திரும்பினால் பஞ்சு வாங்குகிறவர் முதல் மேலே இருக்கிறவர் வரை எல்லாருக்கும் சிவப்பு. டீயும் திரும்ப வந்தது. நூல் தேறியது. முதலாளி செல்விக்கு ஆள் அனுப்பினார். "வர மாட்டேன்னு சொல்லிருங்க" என்றாள், தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

நீ இனி அந்தக் கம்பெனிக்காக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மில் என்று ஊர் ஊராகப் போய், யார் எங்கே உட்கார வேண்டும், எது யாருக்குக் கணக்கு என்று மாற்றி அமைத்துத் தரப் போகிறாய். இப்போது பலகை செல்போனுக்குள் வந்துவிட்டது. பச்சையும் சிவப்பும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது என்று நீயே காட்டினாய். எனக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. கோளாறு ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் தலை காட்டுகிறது. தலை காட்டுகிற இடத்தில் நிற்கிற ஆள்தான் அடி வாங்குகிறார். சிவப்பாக இருக்கிறவரை உடனே திட்டாதே, அவர் ஒருவர்தான் அங்கே உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒரு வழக்கத்தை வீண் என்று நிறுத்துவதற்கு முன்னால், ஒரு வாரம் அவர்களோடு நின்று அந்த டீயைக் குடித்துப் பார்.

உன் ஜி.எம். இதையெல்லாம் வீடியோவில் என்னைவிட நன்றாகச் சொல்கிறார். துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள், முழுசாகப் பாருங்கள் என்கிறார். தெற்கே ஒரு மில்லில் எல்லாப் பலகையும் பச்சையாக இருந்தது, வாசலில் திரும்பி வந்த லாரிகள் நின்றன என்கிறார். அதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்கிறார். கருத்தில் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் சொல்கிறார்: "ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். அது அவங்க தப்பும் இல்லை, யாரோட தப்பும் இல்லை. சிஸ்டத்தோட தப்பு." எல்லாரும் கை தட்டுகிறார்கள். சிஸ்டம் என்ன மழையா, தானாக வந்து பெய்வதற்கு? யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ஆணி அடித்து மாட்டியது. செல்வி தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது; அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறியிருக்கும். அந்த அளவுக்கு அது அவருடைய தப்புதான். முழுசாகப் பார் என்று சொல்கிறவர், தன்னை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தால் அது முழுசு ஆகாது.

வீடியோவைச் செல்விக்குக் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தாள். "நல்லாத்தான் பேசுதாரு" என்றாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நம்ம புள்ள இவியகிட்டயா போறான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போக வேண்டாம் என்று சொல்லச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் திரும்ப மிஷினை ஓட்டத் தொடங்கினாள். அடுத்த வாரம் ராஜபாளையத்தில் மில்காரர்கள் கூட்டத்துக்கு அவர் பேச வருகிறார் என்றும், பழைய ஆள் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்றும் சொன்னேன். "நானும் வாரேன்க்கா" என்றாள்.

நேற்றுப் போனோம். நீ பட்டம் வாங்கியபோது எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாண மண்டபத்தில் கூட்டம். நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். அவர் அதே கதையைத்தான் சொன்னார். "வேலையை விட்டுப் போனார்" என்று சொல்லும்போது ஒரு கையை அப்படி லேசாக விசிறினார். பேச்சு முடிந்து யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும், என் பக்கத்தில் நாற்காலி அசைந்தது. செல்வி எழுந்து நின்றாள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள்.

"சார், அந்த சூப்பர்வைசர் நான்தான். நான் விட்டுப் போவல. நீங்கதான் போகச் சொன்னிய."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. "அப்போ இருந்த சிஸ்டம் அப்படிம்மா. அதுல யாரையும் தனிப்பட்ட முறையில நாம..."

"அன்னிக்கு என் தப்புன்னு சொன்னப்ப அந்தத் தப்புக்கு ஒரு பேரு இருந்துச்சு சார். எல்லாரு முன்னாலயும் என் பேரைச் சொன்னிய. உங்க தப்புன்னு ஆகும்போது மட்டும் அது எப்பிடி சிஸ்டமா ஆயிட்டு?"

அவர் தண்ணீர் குடித்தார். "கூட்டம் முடிஞ்சதும் நாம தனியாப் பேசலாம்மா" என்றார்.

"அன்னிக்கு நீங்க தனியாப் பேசல சார்" என்று சொல்லிவிட்டு, மைக்கைத் திருப்பிக் கொடுத்து உட்கார்ந்தாள்.

டீ நேரத்தில் அவராகவே எங்களைத் தேடி வந்தார். கை கூப்பினார். வருத்தமாக இருக்கிறது என்றார். செல்வி, "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனாள். அவளுக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. நான் அவர் முன்னால் நின்றேன். "சார், என் மகன் அடுத்த மாசம் உங்க கம்பெனியில சேருதான்" என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன். "அவனைக் கையில தூக்கி வளத்தது அந்தா நிக்குறா பாருங்க, அவதான்." அந்த வெளிறிய முகத்தை இரண்டாவது தடவை பார்த்தேன்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அந்த மில்லில் அவர் எடுத்த முடிவு எதுவும் திரும்பி அவர் மேஜைக்கு வரவில்லை. எல்லாம் வேறு யார் தலையிலோ விழுந்தது, அவர் பலகை பச்சையாகவே இருந்தது. இனி நீ அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பாய். இதைச் சுமக்க உனக்கு மனமில்லை என்றால் போகாதே. வேறு வேலை கிடைக்கும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். போவதானால் ஒழுங்காக வேலை பார், சண்டை போடாதே, அவரிடம் கற்றுக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள், ஏதாவது ஒரு ஊரில், உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அந்தக் கதையைத் தொடங்குவார். அந்த இடம் வந்ததும் உன்னை ஒருமுறை பார்ப்பார். நீ தலையைக் குனிந்துகொள்ளாதே. "விட்டுப் போனார்" என்று சொல்கிறாரா, "நான்தான் அனுப்பினேன்" என்று சொல்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள். என்னிடம் சொல்ல வேண்டாம். வெளியே வந்ததும் சித்திக்குப் போன் பண்ணிச் சொல்.

அம்மா